மூன்று ஆப் வாங்கியும் எல்லாரும் உங்களிடமே வந்து கேட்கிறார்களா?

கேள்வி: சின்ன அச்சகம் ஒன்று நடத்துகிறேன். என்னையும் சேர்த்து 9 பேர். மூன்று பேராக ஆரம்பித்தபோது எந்தச் சிக்கலும் இல்லை. இப்போது எந்த நேரமும் 40 ஆர்டர் கையில் இருக்கிறது, வாரத்துக்கு 20 போலத்தான் முடிகிறது, வாடிக்கையாளரிடம் ஒரு வாரம் என்று சொல்லிவிட்டு இரண்டு வாரம் இழுக்கிறோம். வேலையைப் பிரித்துக் கொடுக்க ஒரு ஆப், பேசிக்கொள்ள ஒரு ஆப், ஆர்டர் விவரத்துக்கு ஒரு ஆப் என்று எல்லாம் வாங்கிப் பார்த்தாயிற்று. முதல் பத்து நாள் எல்லாரும் எழுதுவார்கள், அப்புறம் யாரும் திறப்பதில்லை. "அண்ணே, அந்த கார்டு ஆர்டர் என்னாச்சு?" என்று என்னிடம்தான் வருகிறார்கள். ஒற்றுமை வரட்டும் என்று எல்லாரையும் ஒரு நாள் வெளியே கூட்டிப்போனேன், சந்தோஷமாகத்தான் இருந்தது, மறுவாரம் பழைய கதைதான். ஊழியர்களின் கணினித் திரையை அவ்வப்போது படம் பிடித்துக் காட்டும் மென்பொருள் ஒன்றை நண்பர் சிபாரிசு செய்கிறார், போடலாமா? எந்த டூல் வாங்கினால் இது சரியாகும்? இல்லை, ஒரு மேனேஜர் வைத்துவிடலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்:

வணக்கம். முதலில், நான்காவதாக எதையும் வாங்காதீர்கள். இருக்கிற மூன்றில் இரண்டை நிறுத்தத்தான் சொல்லப்போகிறேன்.

"அண்ணே, அந்த கார்டு ஆர்டர் என்னாச்சு?" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே விஷயம் இருக்கிறது. உங்களிடம் கேட்டால் பத்து வினாடியில் பதில் வந்துவிடுகிறது. ஆப்பைத் திறந்து, ஆர்டரைத் தேடி, மூன்று நாள் முன்பு யாரோ எழுதியதைப் படித்து, அது இன்றைக்கும் சரிதானா என்று சந்தேகப்பட்டு, கடைசியில் எப்படியும் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டும் என்றால் அதை யார் திறப்பார்கள்? உங்கள் ஆட்களிடம் சோம்பேறித்தனம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. எது சீக்கிரம் முடியுமோ அதைச் செய்கிறார்கள். உங்கள் அச்சகத்தில் இருப்பதிலேயே வேகமான டூல் நீங்கள்தான், அதோடு எந்த ஆப்பும் போட்டி போட முடியாது. அதனால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி எந்த டூல் வாங்குவது என்பதல்ல, எல்லாப் பதிலும் உங்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்ற நிலைமையை எப்படி மாற்றுவது என்பதுதான்.

மூன்று பேராக இருந்தபோது ஏன் நன்றாக ஓடியது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. ஐபிஎம்மில் பெரிய மென்பொருள் வேலை ஒன்றை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975-ல் இதைப் பற்றி எழுதினார்: ஆட்கள் கூடக்கூட அவர்களுக்குள் பேச வேண்டிய ஜோடிகள் அதைவிட வேகமாகக் கூடுகின்றன. மூன்று பேர் என்றால் மூன்றே ஜோடி. ஒன்பது பேர் என்றால் 36 ஜோடி. ஆள் மூன்று மடங்கு, பேச வேண்டிய வழிகள் பன்னிரண்டு மடங்கு. அந்த 36 வழியையும் சுருக்க எல்லாருமே இயல்பாகக் கண்டுபிடித்த வழி, நடுவில் இருக்கிற உங்களிடம் வருவது. அது தப்பான யோசனையும் இல்லை, ஆனால் அதற்கு நீங்கள் நாள் முழுக்க ஒரே இடத்தில், எல்லாம் ஞாபகத்தோடு, கோபப்படாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். அது நடக்கிற காரியமா?

டூல் தன்னால் எதையும் மாற்றாது என்பதற்கு மருத்துவத் துறையில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென்று ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. ஒரே தாள், 19 அம்சங்கள். எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியான ஆய்வில் நோயாளிகளின் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. ஒரு தாளுக்கு இவ்வளவு பலனா என்று உலகமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இப்படிப்பட்ட பட்டியல்கள் எல்லா மருத்துவமனைகளுக்கும் வந்தன, கிட்டத்தட்ட எல்லாருமே பயன்படுத்துகிறோம் என்று அறிக்கையும் கொடுத்தார்கள். 101 மருத்துவமனைகளை வைத்துச் செய்த ஆய்வு 2014-ல் வந்தது. குறிப்பிடும்படியான மாற்றம் இல்லை. ஏன் என்று நிறைய விவாதம் நடந்தது. என் கருத்தைச் சொன்னால், அந்தப் பட்டியலில் கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கிற ஒவ்வொருவரும் தன் பெயரையும் தன் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு அம்சம் இருக்கிறது. அதை நின்று, முகம் பார்த்துச் சொல்கிற அறையும் டிக் அடித்துவிட்டுப் போகிற அறையும் காகிதத்தில் ஒரே மாதிரிதான் தெரியும். உங்கள் ஆப்பில் முதல் பத்து நாள் எல்லாரும் எழுதினார்கள் என்றீர்களே, அதுவும் டிக் அடித்ததுதான். எழுதியதை வைத்து யாரும் எதையும் முடிவு செய்யவில்லை, முடிவெல்லாம் உங்களிடம் நேரில்தான் நடந்தது, அதனால் எழுதுவது வீண் வேலையாகிவிட்டது.

சரி, உங்கள் தாமதத்துக்கு வருவோம். கையில் 40 ஆர்டர், வாரத்துக்கு 20 முடிகிறது. 40-ஐ 20-ஆல் வகுத்தால் இரண்டு. சராசரியாக இரண்டு வாரம் ஆகிறது, நீங்களும் இரண்டு வாரம் இழுக்கிறது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இதை ஜான் லிட்டில் என்பவர் 1961-லேயே கணிதமாக நிரூபித்துவிட்டார்: கையில் இருக்கிற வேலையை முடிகிற வேகத்தால் வகுத்தால் வருவதுதான் ஒரு வேலை சராசரியாக எடுக்கும் காலம். வங்கி வரிசையானாலும் அச்சகமானாலும் இது பொருந்தும். அதாவது, ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டும் என்றால் ஒன்று வாரத்துக்கு 40 முடிக்க வேண்டும், இல்லை கையில் 20 மட்டும் இருக்க வேண்டும். ஆட்களை விரட்டுவதாலோ ஆப் மாற்றுவதாலோ இந்தக் கணக்கு மாறாது.

ஆனால் அந்த 40-ஐக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அச்சக வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அதில் நிறைய ஆர்டர் உங்களிடம் இருக்காது, ப்ரூஃப், அதாவது அச்சடிக்கும் முன் சரிபார்க்கக் கொடுக்கும் மாதிரி, அதை அனுப்பிவிட்டு வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டிருக்கும். ஒரு பேச்சுக்கு 15 ஆர்டர் அப்படி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உண்மையில் உங்கள் கையில் இருப்பது 25, அதை 20-ஆல் வகுத்தால் ஒன்றேகால் வாரம். நீங்கள் சொன்ன ஒரு வாரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். இனிமேல் ஆர்டர் எடுக்கும்போது "ப்ரூஃப் ஓகே சொன்ன நாளிலிருந்து இத்தனை நாள்" என்று சொல்லிப் பழகுங்கள், ஆர்டர் ரசீதிலும் அந்த வாசகம் இருக்கட்டும். இந்த ஒரு மாற்றத்துக்கு எந்த டூலும் தேவையில்லை, வாடிக்கையாளரோடு வருகிற சண்டையிலும் கணிசமான பகுதி குறையும்.

இப்போது போர்டு. நீங்கள் எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ் வேலை செய்கிறவர்கள். மெஷினில் நிற்பவரின் கையில் மை இருக்கும், போனை எடுத்து ஆப்பில் "முடிந்தது" என்று மாற்றுவார் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. அவருக்கு நல்ல டூல், வேலையோடு சேர்ந்து நகர்கிற ஒரு ஜாப் கார்டு. அரைத்தாள் போதும்: ஆர்டர் எண், வாடிக்கையாளர் பெயர், அளவு, காகிதம், எத்தனை பிரதி, லேமினேஷன் உண்டா, ப்ரூஃப் யார் எந்தத் தேதியில் ஓகே செய்தார், எப்போது கொடுக்க வேண்டும். அதை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, எல்லாரும் கடந்துபோகிற சுவரில் ஒரு பெரிய போர்டில் மாட்டுங்கள். டிசைன், ப்ரூஃப் பதிலுக்குக் காத்திருப்பது, அச்சு, கட்டிங் பைண்டிங், டெலிவரி என்று ஐந்து பத்தி. வெளியே அலைகிற விற்பனை ஆளுக்கு வேண்டுமானால் அதே ஐந்து பத்தியை ட்ரெல்லோ போன்ற போர்டு ஆப்பிலோ கூகுள் ஷீட்டிலோ ஒருவர் காலையும் மாலையும் புதுப்பிக்கட்டும், அந்த ஒருவர் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள்.

போர்டில் முக்கியமானது பத்திகள் அல்ல, ஒவ்வொரு பத்திக்கும் மேலே எழுதுகிற ஒரு எண். டிசைனில் ஒரே நேரத்தில் 6-க்கு மேல் இருக்கக்கூடாது என்றால் 6 என்று எழுதுங்கள். ஏழாவது ஆர்டர் வந்தால் வெளியே காத்திருக்கட்டும், ஆறில் ஒன்று நகர்ந்த பிறகு உள்ளே வரட்டும். டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ வளர்த்தெடுத்த கான்பான் முறையின் உயிர் இதுதான், அட்டை கைக்கு வராமல் அடுத்த வேலையைத் தொடக்கூடாது. பலர் கலர் கலராக அட்டை ஒட்டிவிட்டு இந்த எண்ணை விட்டுவிடுகிறார்கள், அப்புறம் போர்டு வெறும் சுவர் அலங்காரமாகிவிடுகிறது. உங்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் வரிசையை மீறி "இதை மட்டும் கொஞ்சம் முன்னாடி போட்டுக் கொடுங்க" என்று கொண்டுவருவது பெரும்பாலும் முதலாளிதான். வேண்டப்பட்ட வாடிக்கையாளர் கேட்டார் என்று ஒரு ஆர்டரை நடுவில் நுழைத்தால் எது பின்னால் போகிறது என்று அந்த இடத்திலேயே சொல்லி, அந்த அட்டையை நீங்களே கையால் எடுத்துப் பின்னால் மாட்டுங்கள்.

காலையில் பத்து நிமிடம் போர்டுக்கு முன்னால் நின்று பேசுங்கள், உட்கார வேண்டாம். டெலிவரி பத்தியிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கி வாருங்கள், முடியப்போகிற வேலைக்குத்தான் முதல் கவனம் வேண்டும். "நேத்து நீ என்ன பண்ணுன?" என்று ஆளைக் கேட்காமல் "இந்த அட்டை ஏன் ரெண்டு நாளா இங்கேயே இருக்கு?" என்று வேலையைக் கேளுங்கள். முதல் கேள்விக்கு எல்லாரும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பதில் சொல்வார்கள், இரண்டாவதுக்கு "கட்டிங் மெஷின் பிளேடு மழுங்கிப் போச்சுண்ணே, அதான்" என்று உண்மையான காரணம் வரும்.

அப்புறம் யாராவது வழக்கம்போல "அண்ணே, அந்த கார்டு ஆர்டர் என்னாச்சு?" என்று வருவார்கள். உங்களுக்குப் பதில் தெரியும், நாக்கு நுனியில் இருக்கும். சொல்லாதீர்கள். "வா, பாத்துரலாம்" என்று கூடவே எழுந்து போர்டு வரை நடங்கள். போர்டில் பதில் இருந்தால் படித்துவிட்டு வந்துவிடுங்கள். இல்லையென்றால், அல்லது தப்பாக இருந்தால், அங்கேயே சம்பந்தப்பட்டவரைக் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டு வாருங்கள். திட்டுவதற்கான நேரம் இல்லை இது. முதல் இரண்டு வாரம் இதனால் உங்கள் வேலை குறையாது, கூடவே செய்யும், கால் வலிக்கும், நானே சொல்லியிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆனாலும் நடங்கள். போர்டில் எழுதியிருப்பதும் உங்கள் வாய்ச்சொல்லும் முரண்பட்டால் இன்றுவரை உங்கள் வாய்ச்சொல்தான் ஜெயித்திருக்கிறது. போர்டு ஜெயிப்பதை அவர்கள் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள்.

வாட்ஸ்அப் குரூப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் "யாராச்சும் இந்த டெலிவரியைப் பாருங்க" என்று போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் கயிறு இழுக்கவைத்து அளந்து 1913-ல் வெளியிட்ட முடிவு, ஆட்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் இழுக்கிற சராசரி பலம் குறைகிறது என்பது. எல்லாருக்கும் சொன்ன வேலை யாருக்கும் சொல்லாத வேலைதான். ஒரு பெயர், ஒரு வேலை, ஒரு நேரம், அவ்வளவுதான். குரூப் அறிவிப்புக்கு மட்டும் இருக்கட்டும், வேலை போர்டில் இருக்கட்டும்.

கோப்புகள் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் டிசைன் கணினியில் "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு", "ஃபைனல் ஓகே" என்று நான்கு கோப்பு ஒரே ஆர்டருக்கு இருந்தால், தப்பான பிரதி அச்சாகிற நாள் தூரத்தில் இல்லை. ஆர்டர் எண், கூடவே திருத்த எண், வேறு எதுவும் கோப்பின் பெயரில் வேண்டாம். வாடிக்கையாளர் ஓகே சொன்ன பிரதி மட்டும் "அச்சுக்கு" என்ற ஃபோல்டருக்குப் போக வேண்டும், அந்த ஃபோல்டரைத் தவிர வேறு எங்கிருந்தும் மெஷினுக்குப் போகக்கூடாது. காசு செலவில்லாத விதிதான், ஆனால் நீங்கள் வாங்கிய மூன்று ஆப்பையும்விட அதிகக் காகிதத்தை இது மிச்சப்படுத்தும்.

அந்தத் திரையைப் படம் பிடிக்கும் மென்பொருள், வேண்டவே வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. மவுஸ் நகர்கிறதா, எந்த ஜன்னல் திறந்திருக்கிறது என்று அது காட்டும், வேலை நன்றாக நடக்கிறதா என்று காட்டாது. ஒரு டிசைனர் பத்து நிமிடம் திரையை வெறித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு எழுத்துருவை மாற்றுவார், அந்தப் பத்து நிமிடம்தான் அவருடைய வேலை. அதோடு, உங்கள் தாமதம் ஆட்கள் சும்மா இருப்பதால் வந்ததல்ல என்பதை மேலே கணக்குப் போட்டே பார்த்துவிட்டோம். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, இருக்கிற நம்பிக்கையையும் இழப்பீர்கள். நல்ல வேலைக்காரர்தான் முதலில் கிளம்புவார், ஏனென்றால் அவருக்குத்தான் வேறு இடம் கிடைக்கும்.

இனி, குழுவாக ஆவது. வெளியே கூட்டிப்போனது நல்ல காரியம், தொடர்ந்து செய்யுங்கள், ஆனால் அன்றைக்கு வந்த சிரிப்பு வேலை நாளில் நிற்க வேறு ஒன்று வேண்டும். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துத் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். பதிவான தவறுகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அவர்கள் தவறை அதிகம் செய்யவில்லை, தயங்காமல் வெளியே சொன்னார்கள் என்பதுதான் அவர் கண்ட விளக்கம். உங்கள் அச்சகத்தில் ஒரு தொலைபேசி எண் தப்பாக அச்சாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டிங்கில் இருப்பவர் கண்ணில் படுகிறது. அவர் உடனே வந்து சொல்வாரா, நமக்கேன் வம்பு என்று கட் பண்ணி அடுக்கிவிடுவாரா? இதை முடிவு செய்வது, போன தடவை ஒருவர் வந்து சொன்னபோது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை. "யார் பண்ணுனது?" என்று கேட்டிருந்தால் இந்தத் தடவை சொல்ல மாட்டார். "நல்ல வேளை சொன்ன, எத்தனை அடிச்சாச்சு?" என்று கேட்டிருந்தால் ஓடிவந்து சொல்வார். யார், ஏன் என்பதெல்லாம் அப்புறம் நிதானமாகப் பேசலாம், ப்ரூஃப் சரிபார்க்கும் இடத்தில் எந்த வரியைச் சேர்த்தால் இது மறுபடி வராது என்பதோடு அந்தப் பேச்சு முடியட்டும். டொயோட்டா தொழிற்சாலையில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்தோ பொத்தானை அழுத்தியோ உதவி கூப்பிடலாம், தேவைப்பட்டால் உற்பத்தி வரிசையே நிற்கும். கட்டிங்கில் இருப்பவருக்கு அந்த உரிமையை நீங்கள் எல்லார் முன்னாலும் சொல்லிக் கொடுக்க வேண்டும், ஒரு தடவையாவது அவர் நிறுத்தி அது தேவையில்லாத நிறுத்தமாக இருந்தாலும் முகம் சுளிக்கக்கூடாது.

அடுத்தது முடிவுகளைக் கைமாற்றுவது. ஒரு வாரம் உங்களிடம் வருகிற எல்லாக் கேள்வியையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வாருங்கள், யார் கேட்டது, என்ன கேட்டது, நீங்கள் என்ன சொன்னீர்கள். வார முடிவில் பார்த்தால் ஒரே பதிலை நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன கேள்விகள் வரிசையாகக் கண்ணில் படும். தள்ளுபடி எவ்வளவு கொடுக்கலாம், படம் தெளிவில்லாமல் வந்தால் திருப்பி அனுப்பலாமா, எந்த ஆர்டரை மெஷினில் முதலில் போடுவது. இவற்றைப் பெயர் போட்டுக் கொடுத்துவிடுங்கள்: 5 சதவீதம் வரை தள்ளுபடி கவுன்டரில் இருப்பவரின் முடிவு, கோப்பைத் திருப்பி அனுப்புவது டிசைனரின் முடிவு, மெஷின் வரிசை ஆபரேட்டரின் முடிவு. கொடுத்த பிறகு நீங்கள் எடுத்திருக்க மாட்டாத ஒரு முடிவை அவர்கள் எடுப்பார்கள். அன்றைக்கு அதை மாற்றாமல் இருப்பதுதான் இதில் கஷ்டமான பகுதி. வாடிக்கையாளருக்குப் பெரிய நஷ்டம் வராத வரை அந்த முடிவு நிற்கட்டும், மறுநாள் தனியாகப் பேசுங்கள். அதே நாளில் எல்லார் முன்னாலும் மாற்றினால், கொடுத்த அதிகாரம் அத்தனையும் அந்த நிமிடத்திலேயே உங்களிடம் திரும்பிவிடும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒவ்வொருவரோடும் தனியாக இருபது நிமிடம் உட்காருங்கள், ஆர்டர் பற்றிப் பேச வேண்டாம், "உன் வேலையில எது தேவையில்லாம நேரத்தை இழுக்குது?" என்று கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். நீங்கள் கேட்கிற முதல் இரண்டு தடவை "ஒண்ணும் இல்லண்ணே" என்றுதான் வரும்.

மேனேஜர் இப்போதைக்கு வேண்டாம். இன்றைய நிலைமையில் ஒருவரை வைத்தால் ஆட்கள் அவரிடம் கேட்பார்கள், அவர் உங்களிடம் கேட்பார், தூரம்தான் கூடும். முடிவுகளைக் கைமாற்றிய பிறகு நீங்கள் இரண்டு நாள் வராமல் இருந்து பாருங்கள், அந்த நேரத்தில் மற்றவர்கள் யாரிடம் போய்க் கேட்கிறார்கள் என்று விசாரியுங்கள். பல இடங்களில் அப்படி ஒரு ஆள் ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறார், சம்பளமும் பெயரும்தான் இன்னும் அவருக்கு வரவில்லை.

ஆப்களில் ஆர்டர் விவரம் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டின் சந்தாவை நிறுத்துங்கள், நிறுத்துவதற்கு முன் உள்ளே இருக்கிற வாடிக்கையாளர் விவரங்களையும் பழைய ஆர்டர்களையும் எக்செல் கோப்பாக வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கே போர்டு மாட்டி, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கையில் எத்தனை ஆர்டர், அந்த வாரம் முடிந்தது எத்தனை என்ற இரண்டு எண்ணையும் அதன் மூலையில் எழுதி வாருங்கள். ஆறு வாரம் கழித்து அந்த எண்களையும், உங்களிடம் வந்த கேள்விகளைக் குறித்த நோட்டையும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பத்தியில் வேலை அடைத்து நிற்கிறது என்று பார்த்து மேற்கொண்டு பேசுவோம்.